கற்றல் நோக்கங்களை முதல் ஸ்லைடில் காட்டுவதா, வேண்டாமா?

வணக்கம். புதிதாகச் சேரும் ஊழியர்களுக்கு ஆன்லைன் பாதுகாப்புப் பயிற்சி ஒன்று தயாரிக்கிறேன். "இந்தப் பாடத்தின் முடிவில் தீயணைப்பான் வகைகளை நீங்கள் அடையாளம் காண்பீர்கள்" என்று வரும் முதல் ஸ்லைடு இருக்கிறதே, அதை யாரும் படிப்பதில்லை, கை நேராக 'அடுத்து' பொத்தானுக்குத்தான் போகிறது. நோக்கத்தை முன்கூட்டியே சொல்வது கல்வி உளவியலாளர் ராபர்ட் கான்யே (Gagné) கற்பித்தலுக்கு வகுத்த 9 படிகளில் இரண்டாவது, சரி. ஆனால் அளந்து பார்க்கும்படி எழுதிய அந்த வாக்கியம் பாடத்தையும் தேர்வுக் கேள்விகளையும் தயாரிக்கிற நமக்குத்தான் தேவை, கற்பவருக்கு அதை அப்படியே எதற்குக் காட்ட வேண்டும்? "மின்சாரப் பெட்டியில் தீப்பிடித்தால் எந்த சிலிண்டரை எடுப்பீர்கள்?" என்று கேட்டே தொடங்கிவிடலாம் என்பது என் எண்ணம். மேலாளரோ முதல் ஸ்லைடில் நோக்கங்களின் பட்டியல் இருந்தே ஆக வேண்டும் என்கிறார். இரண்டு விதமாகவும் செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால், கற்பவர்களிடம் என்ன வித்தியாசம் தெரிந்தது, அப்புறம் மேலாளரை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள் என்று கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.