'ரிட்ரீட்'டுக்குத் தமிழ் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

கரிசலான்:
குழுமத்தார்க்கு வணக்கம். வெள்ளி மாலைக்குள் ஒரு மொழிபெயர்ப்பைக் கொடுத்தாக வேண்டும். ஒரே ஒரு சொல்லில் வண்டி சேற்றில் நிற்கிறது.

அமெரிக்காவில் கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் மெரில் மையம் 1997 முதல் ஆண்டுதோறும் 'ரிட்ரீட்' ஒன்று நடத்துகிறது. கன்சாஸ், மிசூரி, நெப்ராஸ்கா, அயோவா பக்கத்துப் பல்கலைகளில் ஆய்வுப் பொறுப்பில் இருப்பவர்கள் அன்றாட வேலையைவிட்டு விலகி உட்கார்ந்து, எல்லார் வீட்டிலும் ஒழுகுகிற கூரையைப் பற்றிப் பேசுகிறார்கள். நான் 'கருத்தரங்கு' என்று போட்டேன். "கருத்தரங்கு என்றால் பொன்னாடை, மதியச் சாப்பாடு, சான்றிதழ். இது அது இல்லையே" என்று பதிப்பாசிரியர் அம்மா திருப்பி அனுப்பிவிட்டார்.

இன்னொன்று: 'வைஸ் சான்சலர் ஃபார் ரிசர்ச்' என்பவரைத் துணைவேந்தர் எனலாமா?

ஆலமரத்தடி:
இரண்டாவதற்கு முதலில். கூடவே கூடாது. கன்சாஸில் சான்சலர்தான் பல்கலையை நடத்துபவர். இவர் அவருக்குக் கீழே ஆய்வை மட்டும் கவனிப்பவர். நம் ஊரில் வேந்தர் பட்டமளிப்பு விழாவுக்கு வருவார், மற்றதெல்லாம் துணைவேந்தர் தலையில். 'ஆய்வுத் துணைத்தலைவர்' போதும்.

முதலாவதற்கு, 'ஒதுங்கமர்வு'.

கரிசலான்:
அம்மா, எங்கள் ஊரில் "ஒதுங்கப் போயிருக்கிறார்" என்றால் கையில் செம்பு இருக்கும்.

பாளையங்கோட்டையான்:
இதற்குச் சொல் ஏற்கெனவே இருக்கிறது. கத்தோலிக்க வீடுகளில் 'ஞான ஒடுக்கம்' என்போம். இப்போது 'தியானம்' என்கிறார்கள். என் அப்பாயி ஆண்டுக்கொருமுறை மூன்று நாள் போவார். பேச்சு கிடையாது, சாப்பிடும்போது தட்டில் கரண்டி படும் சத்தம் மட்டும்தான் கேட்கும் என்பார். 'ரிட்ரீட்' அங்கிருந்து அலுவலகத்துக்கு வந்த சொல். ஆகவே 'ஆய்வு ஒடுக்கம்'.

ஆலமரத்தடி:
'ஆய்வு ஒடுக்கம்' என்று தலைப்பு வைத்தால், அரசு ஆய்வை ஒடுக்குகிறது என்றுதான் என் மாணவர்கள் படிப்பார்கள். அங்கே அவர்கள் புலம்புவதைப் பார்த்தால் அதுவும் முழுத் தப்பில்லைதான். அமெரிக்கக் கூட்டரசு தரும் ஆய்வு மானியத்துக்குப் பல்கலைகள் நிருவாக மேற்செலவாக 26 விழுக்காட்டுக்கு மேல் கேட்கக் கூடாதென்று 1991இல் வரம்பு கட்டினார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ விதிகள் வந்தன, வரம்பு அசையவில்லை. 2012 கணக்கெடுப்பில் ஆய்வாளர்கள் தங்கள் ஆய்வு நேரத்தில் 42 விழுக்காடு படிவத்துக்கும் அறிக்கைக்கும் போகிறது என்றார்கள்.

கொள்ளிடக்கரையான்:
தாமதத்துக்குப் பொறுத்தருள்க. 'பாசறை' இருக்க ஏன் அலைகிறீர்கள்? தொல்காப்பியர் கூதிர்ப் பாசறை, வேனிற் பாசறை என்று இரண்டு சொல்கிறார். இவர்கள் கூடுவது கோடையில். எனவே 'வேனிற் பாசறை', பொருத்தம் கச்சிதம். பசுந்தழை வேய்ந்த அறை என்று நான் பிரிப்பேன். முல்லைப்பாட்டுப் பாசறையின் "உவலைக் கூரை ஒழுகிய தெரு"வை, அதாவது தழைக்கூரைகள் வரிசையாக நின்ற தெருவை, நினைத்துக்கொள்க.

நிற்க. மெரிலை மொரில் என்று எழுதிவிடாதீர்கள். மொரில் 1862இல் அமெரிக்காவில் கல்லூரிகளுக்காக நிலம் கொடுக்கும் நிலக்கொடைச் சட்டம் கொண்டுவந்தவர்; கன்சாஸ் மாநிலப் பல்கலை, அயோவா மாநிலப் பல்கலையெல்லாம் அந்தக் கொடையில் வளர்ந்தவை. கல்விக்கு நிலம் விடுவது நமக்குப் புதிதா? முதலாம் இராசேந்திரன் காலத்து, எண்ணாயிரம் என்ற ஊர்க் கல்வெட்டில் 340 மாணவர், 14 ஆசிரியர், 45 வேலி நிலம். அதற்கான சொற்களை அடுத்த மடலில் விரிவாக...

ஆலமரத்தடி:
ஐயா, வெள்ளிக்கிழமை!

பாளையங்கோட்டையான்:
> 'பாசறை' இருக்க ஏன் அலைகிறீர்கள்?

பாசறை படையெடுப்பவனுக்கு. இப்போது கட்சிக்காரர்களுக்கு. இந்தப் பேராசிரியர்கள் யார்மேல் படையெடுக்கிறார்கள்? மானியம் வாங்கினவர் வாங்காதவருக்கு வழி சொல்கிறார், அவ்வளவுதான். அதற்குப் பெயர் ஆற்றுப்படை.

கொள்ளிடக்கரையான்:
அருமை! ஆனால் ஆற்றுப்படையில் பாணன் தனியாகவோ சுற்றத்தோடோ நடந்து போகிறான். தங்கிப் பேசுவது இல்லை.

வடக்குத்தெரு:
நான் கல்லூரியில் ஆய்வு நிருவாகம் பார்க்கிறேன். நாங்கள் 'ரிட்ரீட்' என்றுதான் சொல்கிறோம். பஸ்ஸை எழுதவில்லையா? அப்படியே விடுங்கள். 'தனியமர்வு' என்று ஒருவர் எனக்குத் தனிமடலில் சொன்னார். அது உயர் நீதிமன்றத்தில் ஒற்றை நீதிபதி உட்காருவது.

ஆலமரத்தடி:
எழுதியே ஆகவேண்டுமென்றால் 'பாசறை'. அலுத்துவிட்டது. மாணவர்களுக்கு அந்தச் சொல் தெரியும், ஊரைவிட்டுப் போய்த் தங்குகிற பொருளும் அதில் இருக்கிறது.

கரிசலான்:
நாலு மணிக்கு அனுப்பிவிட்டேன். பாசறைக்கு என்னையும் சேர்த்து மூன்று பேர், ஒடுக்கத்துக்கு ஒருவர், ரிட்ரீட்டுக்கு ஒருவர். முதல் இடத்தில் மட்டும் 'ரிட்ரீட் எனப்படும் ஆய்வுப் பாசறை', பிறகெல்லாம் 'பாசறை'. எல்லாருக்கும் நன்றி.

பாளையங்கோட்டையான்:
என் எதிர்ப்பைப் பதிவுசெய்க. பாசறையில் யாரும் வாயை மூடிக்கொண்டு இருந்ததில்லை.

கொள்ளிடக்கரையான்:
'வேனில்' விட்டுப்போயிற்றே! அச்சுக்குப் போகுமுன் சேர்க்க முடியுமா என்று அந்த அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.