தலை முன்தள்ளி நிற்கிறது, எத்துப்பல்லும் இருக்கிறது: எதை முதலில் பார்ப்பது?

பிசியோ_மதுரை:
10 வயதுச் சிறுவன். தலை தோளைவிட முன்னால் நிற்கிறது, மோவாய் லேசாக மேலே தூக்கியிருக்கிறது. மேல் முன்பல் கீழ்ப்பல்லிலிருந்து 7 மி.மீ. முன்னால். கழுத்தை நேராக்கினால் பல் தானாக உள்ளே போய்விடுமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். மோவாயைப் பின்னுக்கு இழுக்கும் சின் டக் பயிற்சியில் தொடங்கலாமா, கிளிப் போடும் டாக்டரிடம் முதலில் அனுப்பலாமா?

பல்சீரமைப்பு_டாக்டர்:
பயிற்சியால் பல் உள்ளே போகாது. இதைப் பெற்றோரிடம் உடனே சொல்லிவிடுங்கள். பயிற்சியை நம்பிக் காத்திருக்கும் மாதங்கள் தாடை வளரும் காலத்திலிருந்துதான் கழியும்.

தொடர்பு இருப்பது உண்மை. தலை பின்சாய்ந்தே இருந்தால் முகத்தின் தோலும் தசையும் இழுபட்டு, கீழ்த்தாடை முன்னோக்கி வளர்வதைத் தடுக்கும் என்று 1977-இல் சோலோ, கிரைபோர்க் இருவரும் ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள். கீழ்த்தாடை பின்தங்கிய பிள்ளைகளிடம் இந்தக் கழுத்து நிலை அதிகம் தென்படுகிறது. ஆனால் எது காரணம், எது விளைவு என்பது இன்னும் தீரவில்லை. பெரும்பாலும் மூன்றாவதாக ஒன்று இரண்டையும் இழுக்கும்: மூக்கடைப்பு. வாயால் மூச்சு விடும் பிள்ளை காற்றுவழியைத் திறந்துகொள்ளத் தலையைத் தூக்கும், நாக்கைக் கீழே வைத்துக்கொள்ளும். அண்ணத்தைத் தாங்க நாக்கு இல்லாததால் மேல்தாடை குறுகும்.

பல்லின் மேல் நீண்ட நேரம் நிற்கும் மெல்லிய அழுத்தம்தான் அதை நகர்த்தும். முதுகெலும்பு வளைவைத் திருத்த அணியும் பழைய மில்வாக்கி பிரேஸ் நாள் முழுக்க மோவாயைத் தாங்கியதால் கடிப்பே (மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தும் விதமே) மாறியது. தினம் பத்து நிமிடப் பயிற்சிக்கு அந்த பலம் கிடையாது.

7 மி.மீ. என்றால் விழும்போது முன்பல் உடையும் ஆபத்து கூடுதல். வளர்ச்சி வேகமெடுக்கும் சமயத்தில் ட்வின் பிளாக் (கீழ்த்தாடையை முன்னே கொண்டுவரும், கழற்றி மாட்டும் கருவி) போட்டால் நல்ல பலன் கிடைக்கும். பையன்களுக்கு அது பெரும்பாலும் 12 வயதுக்கு மேல்தான் வரும். அதனால் இப்போதே காட்டி, தொடங்கும் நேரத்தை முடிவு செய்துகொள்வது நல்லது.

காதுமூக்கு_தொண்டை:
உங்கள் அறையிலேயே ஒரு சோதனை செய்யலாம். மூக்கின் கீழே குளிர்ந்த ஸ்டீல் கரண்டியின் பின்பக்கத்தைப் பிடித்து, வாயை மூடி மூச்சுவிடச் சொல்லுங்கள். இரு துளைக்கும் தனித்தனி ஆவிப்புள்ளி படியும். ஒன்று படியாவிட்டாலோ சிறிதாக இருந்தாலோ அந்தப் பக்கம் அடைப்பு இருக்கலாம். பிறகு வாயில் ஒரு மடக்குத் தண்ணீரை ஒரு நிமிடம் வைத்திருக்கச் சொல்லுங்கள். முடியாமல் விழுங்கிவிட்டால் எங்களிடம் அனுப்புங்கள். குறட்டை, வாய் திறந்து தூங்குவது, காலையில் தலையணையில் எச்சில் கறை, இவற்றையும் கேளுங்கள். மூக்கின் பின்னால் வளரும் அடினாய்டு சதையா, அலர்ஜியா என்று பார்த்து வைத்தியம் செய்கிறோம். அடைப்பு நீங்கியபின் தலை தூக்கி நிற்பது குறைவதை அளந்தே காட்டியிருக்கிறார்கள்.

பல்_கிளினிக்:
பெரியவர்களிடமும் கழுத்து நிலை கடிப்பை மாற்றும். நாற்காலியில் படுத்திருக்கும்போது கீழ்த்தாடை பின்னே சரிந்து, தொடும் புள்ளிகளும் மாறிவிடும். கேப் போட்டவர் மறுநாள் "சாப்பிடும்போது மட்டும் இடிக்குது" என்று வந்தால் பெரும்பாலும் இதுதான். பல் தொடும் இடத்தில் நிறக்குறி பதிக்கும் ஆர்ட்டிகுலேட்டிங் பேப்பரை, நோயாளியைப் படுக்கவைத்து ஒருமுறையும், நிமிர்ந்து உட்காரவைத்து ஒருமுறையும், சாப்பிடுவதுபோலத் தலையைச் சுமார் 30 டிகிரி குனியவைத்து ஒருமுறையும் கடிக்கச் சொல்ல வேண்டும். குனிந்த நிலையில் முன்பல்லில் மட்டும் அழுத்தமாகக் குறி விழுந்தால் அங்கே லேசாகத் தேய்க்க வேண்டும்.

பிசியோ_மதுரை:
நன்றி. அப்போது சின் டக் வேண்டவே வேண்டாமா?

பல்சீரமைப்பு_டாக்டர்:
கழுத்துக்காகக் கொடுங்கள், பல்லுக்காக என்று சொல்லாதீர்கள். சுவரில் முதுகு சாய்த்து, மோவாயைத் தூக்காமல் நேரே பின்னுக்கு இழுத்து 5 நொடி, 10 முறை. உதடு மூடியிருக்கட்டும், பல் மேல் பல் படக்கூடாது. கடித்துக்கொண்டே செய்தால் தாடை மூட்டு வலிக்கும். மூக்கு அடைத்திருந்தால் உதட்டை மூடவே முடியாது, அதனால் மூக்கு சரியானபிறகு தொடங்குங்கள்.