வாடகை வீட்டு ஸ்மோக் அலாரம் சோதிக்க யாரைக் கூப்பிடுவது? அவசரம்

வெள்ளவத்தை_தம்பி: இங்கே கொழும்பில் அண்ணாவின் வீடுகளை நான்தான் வாடகைக்கு விட்டுப் பார்க்கிறேன். புகை வந்தால் அடிக்கும் ஸ்மோக் அலாரம் எல்லாவற்றையும் சோதித்து அறிக்கை அனுப்பச் சொல்கிறார். ஒன்று இரவிரவாகக் கீச்சிடுகிறது, அந்த வீட்டு அம்மா தூக்கமில்லாமல் கோபத்தில் இருக்கிறார். யாராவது சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை_மாமா: எத்தனை வீடு? தனி வீடா, தொடர்மாடியா? பற்றரியா, கரண்டா?

பிரிஸ்பேன்_அக்கா: அண்ணா இங்கே ஆஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்திலா தம்பி? இங்கே புதிதாக ஆள் குடிவருவதற்கு முந்திய 30 நாளுக்குள் வீட்டுக்காரர் சோதித்தே ஆக வேண்டும். 2022 ஜனவரியிலிருந்து வாடகை வீட்டு அலாரங்கள் ஒன்றோடொன்று இணைந்தும் இருக்க வேண்டும். ஒன்று அடித்தால் எல்லாம் அடிக்கும்.

மின்வேலை_மூத்தவர்: கழற்றிப் பின்பக்கம் பார்த்துவிட்டுக் கேளுங்கள். இதை எத்தனை பேருக்குத்தான் சொல்வது! நிமிடத்துக்கு ஒருதரம் கீச் என்றால் பெரும்பாலும் பற்றரி இறங்கிவிட்டது. தயாரித்த திகதியும் பின்னால் இருக்கும். 10 வருடம் தாண்டியிருந்தால் அலாரத்தையே மாற்ற வேண்டும்.

பம்பலப்பிட்டி_ரவி: பற்றரி இல்லை, பூச்சிதான். எங்கள் வீட்டில் உள்ளே புகுந்து சும்மா சும்மா அடித்தது. சாம்பிராணி போட்டுப் பாருங்கள், அடித்தால் நல்ல அலாரம்.

மின்வேலை_மூத்தவர்: சும்மா அடிப்பது வேறு, கீச்சிடுவது வேறு. சாம்பிராணிப் புகை உள்ளே படிந்து அலாரத்தைக் கெடுக்கும். பட்டனை அழுத்துங்கள், மாதம் ஒருதரம் போதும். புகையை உணர்கிறதா என்று பார்க்க அதற்கென்றே ஸ்பிரே இருக்கிறது.

பம்பலப்பிட்டி_ரவி: வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடாத வீடு எது? அதற்குப் பயந்துதானே சனம் பற்றரியைக் கழற்றி வைக்கிறது.

பிரிஸ்பேன்_அக்கா: அதுதான் தம்பி எனக்குப் பயம். கழற்றிய பற்றரியைத் திரும்பப் போட ஒருவரும் நினைப்பதில்லை. சாமி அறைக்கும் அடுப்புக்கும் தள்ளி, படுக்கை அறைக்கு வெளியே பூட்டினால் அந்தத் தொல்லை குறையும். குசினிக்குச் சூட்டை உணரும் அலாரம் போடுங்கள்.

கொட்டாஞ்சேனை_மாமா: பற்றரிக் காசு யார் கொடுப்பது? குடியிருப்பவர்தானே பாவிக்கிறார்.

பிரிஸ்பேன்_அக்கா: ஒரு பற்றரிக்காக வாடகைக்காரரோடு பேரம் பேசுவதா மாமா? உயிர் விசயம். வீட்டுக்காரரே போடட்டும்.

கொட்டாஞ்சேனை_மாமா: ஒப்பந்தத்தில் எழுதினால் சண்டையே இல்லை. தம்பி, தொடர்மாடியா என்று இன்னும் சொல்லவில்லையே?

வெள்ளவத்தை_தம்பி: தொடர்மாடிதான், 4 வீடு. 9 வோல்ட் பற்றரி மாற்றினேன், கீச் நின்றுவிட்டது. மற்ற மூன்றிலும் 2011 என்று இருக்கிறது, புதிது வாங்கப் போகிறேன். அண்ணா பிரிஸ்பேன்தான் அக்கா. எல்லாருக்கும் நன்றி.

கொட்டாஞ்சேனை_மாமா: மாடிப்படி, நடைபாதை அலாரம் உங்கள் கையில் இல்லை. நிர்வாகக் குழுவிடம் கேளுங்கள். புது அலாரம் பூட்டும்போது 110 என்றும் எழுதி ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் ஒட்டுங்கள், அதுதான் இங்கே தீயணைப்புப் படை இலக்கம்.