கணினி இல்லாத வீட்டுக்கு எந்த மியூசிக் சர்வர்?

மதுரையில் அப்பா வீட்டில் கணினி கிடையாது. ஆண்ட்ராய்டு போனும் வைஃபையும்தான். அவர் வருஷக்கணக்கில் சேர்த்த சிடிகள் எல்லாம் ஃப்ளாக் (தரம் குறையாத ஒலிவடிவம்) கோப்புகளாக 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன, சுமார் 180 ஜிபி.

ஒரு மாதமாகப் போராடுகிறேன். ரூட்டரின் யுஎஸ்பியில் செருகினால் டிஸ்க்கின் நீல விளக்கு எரிகிறது, ஆனால் பாதி ஃபோல்டர்தான் தெரிகிறது. பழைய போனை, பாட்டுகளை அனுப்பும் சர்வராக்கினேன். திரை அணைந்த பத்தாவது நிமிடம் பாட்டு நின்றுவிடுகிறது, போனும் சுடுகிறது. அப்புறம் ராஸ்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கணினிப் பலகையில் வோலுமியோ என்ற பாட்டு மென்பொருளைப் போடலாம் என்று பார்த்தால், அதை மெமரி கார்டில் ஏற்றக் கணினி கேட்கிறார்கள்.

அப்பாவுக்கு வயது 74. விடிகாலையில் போனைத் தொட்டதும் ஆம்ப்ளிஃபயரில் நாதஸ்வரம் கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஆம்ப்ளிஃபயரில் ஆர்சிஏ இன்புட் (சிவப்பு, வெள்ளை ஒயர் செருகும் துளைகள்) உண்டு.

10,000 ரூபாய்க்குள், போனை மட்டும் வைத்தே அமைத்து இயக்க எதை வாங்கலாம்?