மறு: ட்ரைபல் சாவரின்டி – தன்னாட்சி வேண்டாம், ‘பூர்வகுடி இறைமை’ என்போம்

> பழங்குடித் தன்னாட்சி என்றே வைத்துக்கொள்ளலாம். எல்லோருக்கும் புரியும், ஏற்கெனவே புழக்கத்திலும் இருக்கிறது. அந்த மக்கள் காசினோ நடத்திக்கொள்ள அமெரிக்க அரசு சலுகை கொடுத்திருக்கிறது, அவ்வளவுதானே விஷயம்?

ஐயா, வணக்கம். அமெரிக்கப் பூர்வகுடிகள் தங்களைத் தாங்களே ஆளும் அதிகாரத்தை ஆங்கிலத்தில் ‘ட்ரைபல் சாவரின்டி’ என்கிறார்கள், அதற்கும் அதையொட்டிய சொற்களுக்கும்தான் நம் குழுவில் தமிழ்ச் சொல் தேடுகிறோம். உங்கள் மடலின் கடைசி வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பதுதான் அங்கே இருநூறு ஆண்டுகளாக நடக்கும் சண்டையே. தன்னாட்சி என்று போட்டுவிட்டால் தமிழில் படிப்பவருக்கு அந்தச் சண்டை எதற்கென்றே தெரியாமல் போகும்.

தன்னாட்சி, சுயாட்சி இரண்டும் நம் காதில் எப்படி விழுகின்றன என்று பாருங்கள். தன்னாட்சிக் கல்லூரி, தன்னாட்சி நிறுவனம், மாநில சுயாட்சி. எல்லாவற்றிலும் மேலே ஒருவர் இருக்கிறார், அவர் கையிலிருந்து கொஞ்சம் இறங்கி வருகிறது, அல்லது இறங்கி வர வேண்டும் என்று கீழே இருப்பவர் கேட்கிறார். அமெரிக்கப் பூர்வகுடிகள் சொல்வது அதுவல்ல. வாஷிங்டன் என்று ஒரு ஊர் உண்டாவதற்கு முன்பே நாங்கள் எங்களை ஆண்டுகொண்டிருந்தோம், அந்த அதிகாரத்தில் பிடுங்கப்பட்டது போக மிச்சம் இருப்பது எங்களுடையது, யாரும் தந்ததல்ல என்கிறார்கள். இது அவர்கள் மட்டும் சொல்வதும் இல்லை. 1832-ல் ஜார்ஜியா மாநிலத்தின் சட்டம் செரோக்கி என்ற பூர்வகுடியினரின் நிலத்துக்குள் செல்லாது என்று உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் எழுதினார். அதற்கு முந்தைய ஆண்டு அவரேதான் இந்தப் பூர்வகுடி நாடுகளை ‘உள்நாட்டுச் சார்பு நாடுகள்’ என்று வகைப்படுத்தி அரைகுறையாக ஓர் இடத்தில் நிறுத்தியவர். தீர்ப்பு வந்தும் 1838-ல் படையை வைத்து செரோக்கிகளை வெளியேற்றினார்கள், வழியிலும் முகாம்களிலும் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள் என்பது வேறு கதை. ஆனால் சட்டத்தில் அந்த வாசகம் அழியவில்லை.

> அமெரிக்க நாடாளுமன்றம் நினைத்தால் குறைக்கலாம் என்றால் அது என்ன சாவரின்டி? பெயருக்குத்தானே?

நியாயமான கேள்வி. இதற்கு நேரடியாகப் பதில் சொல்லும் வழக்கு ஒன்று இருக்கிறது, 1978-ல் வந்த வீலர் வழக்கு. நவஹோ என்ற பூர்வகுடி நாட்டைச் சேர்ந்த ஒருவருக்கு நவஹோ நீதிமன்றம் தண்டனை கொடுத்துவிட்டது. அதே சம்பவத்துக்காக அமெரிக்க அரசும் அவர்மேல் வழக்குப் போட்டது. ஒரே குற்றத்துக்கு இருமுறை தண்டிக்கக் கூடாது என்பது அங்கே அரசியலமைப்பு விதி. நவஹோ நீதிமன்றத்தின் அதிகாரம் வாஷிங்டன் கொடுத்தது என்றால் இரண்டாவது வழக்கு செல்லாது. செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். நவஹோ தண்டித்தது தன் சொந்த அதிகாரத்தில், அது வேறு இறைமை, இது வேறு இறைமை. தன்னாட்சி என்ற சொல்லை வைத்துக்கொண்டு இந்தத் தீர்ப்பை ஒரு பத்தி மொழிபெயர்த்துப் பாருங்கள் ஐயா, நடுவிலேயே உடைந்துவிடும். நாடாளுமன்றம் குறைக்கலாம் என்பது உண்மைதான். குறைப்பது ஏற்கெனவே இருப்பதை.

இப்போது சூதாட்டத்துக்கு வருவோம். இந்த விவகாரம் சீட்டுக்கட்டில் தொடங்கவில்லை, வரி கேட்டு வந்த ஒரு நோட்டீஸில் தொடங்கியது. மினசோட்டாவில் லீச் லேக் ஓஜிப்வே என்ற பூர்வகுடியினரின் நிலத்தில் சக்கரம் வைத்த வீடு ஒன்றில் ஒரு குடும்பம் இருந்தது. இட்டாஸ்கா கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) அந்த வீட்டுக்கு வரி போட்டது, மொத்தம் 147 டாலர் 95 சென்ட். கட்ட மாட்டோம் என்று அவர்கள் வழக்குக்குப் போக, 1976-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 1953-ஆம் ஆண்டின் பொதுச் சட்டம் 280 சில மாநிலங்களுக்குப் பூர்வகுடி நிலத்தில் குற்ற வழக்குகளை நடத்தும் அதிகாரம் தந்திருக்கிறது, உரிமையியல் வழக்குகளைத் தங்கள் நீதிமன்றத்தில் விசாரிக்கவும் விட்டிருக்கிறது, ஆனால் வரி போடவும் பொதுவாக ஒழுங்குபடுத்தவும் அதிகாரம் தரவில்லை என்றது. அந்த 147 டாலரிலிருந்துதான் இன்றைய காசினோக்கள் அத்தனையும் வந்தன.

எப்படியென்றால், கலிபோர்னியாவில் இண்டியோ ஊரை ஒட்டிய பாலைவனத்தில் கபசோன் என்று ஒரு சிறிய பூர்வகுடி நாடு. வழக்கு நடந்தபோது அதன் உறுப்பினர்கள் சுமார் 25 பேர். அவர்களும் பக்கத்தில் மொரோங்கோ என்ற இன்னொரு பூர்வகுடி நாடும் பிங்கோ என்ற எண் ஆட்டத்தை நடத்தினார்கள், கபசோன் சீட்டாட்டக் கூடமும் வைத்திருந்தது. கலிபோர்னியா சட்டப்படி பிங்கோவைத் தொண்டு அமைப்புகள்தான் நடத்தலாம், ஊழியருக்குச் சம்பளம் கூடாது, ஓர் ஆட்டத்துக்குப் பரிசு 250 டாலரைத் தாண்டக் கூடாது. இதை மீறினால் குற்றம், குற்ற வழக்கு எங்கள் அதிகாரம் என்றது மாநிலம். 1987 பிப்ரவரியில் ஆறுக்கு மூன்று என்று தீர்ப்பு வந்தது. நீயே லாட்டரி நடத்துகிறாய், குதிரைப் பந்தயத்தை அனுமதிக்கிறாய், ஆக நீ சூதாட்டத்தைத் தடை செய்யவில்லை, ஒழுங்குபடுத்துகிறாய், உன் ஒழுங்குமுறை அவர்கள் நிலத்துக்குள் வராது என்று நீதிமன்றம் சொன்னது. அந்த நிலங்களில் தோண்டி எடுக்கவோ விற்கவோ எந்த வளமும் இல்லை, இந்த ஆட்டங்கள்தான் அவர்கள் அரசாங்கத்துக்கு ஒரே வருமானம் என்பதையும் தீர்ப்பில் குறித்தார்கள்.

அடுத்த ஆண்டு, 1988 அக்டோபரில், நாடாளுமன்றம் சட்டம் போட்டது. உங்கள் ‘சலுகை’ இந்தச் சட்டத்தைத்தான் குறிக்கிறது என்று நினைக்கிறேன். நம் பத்திரிகைகளிலும் ‘அமெரிக்கப் பழங்குடிகளுக்குச் சூதாட்ட அனுமதி வழங்கும் சட்டம்’ என்ற தோரணையில்தான் வரும். வரிசையைப் பாருங்கள் ஐயா: உரிமை 1987-ல் உறுதியானது, சட்டம் 1988-ல் வந்தது. காசினோ ஆட்டங்களையும் பணம் போட்டு ஆடும் ஸ்லாட் இயந்திரங்களையும் மூன்றாம் வகை என்று பிரித்து, அவற்றுக்கு மாநிலத்தோடு ஒப்பந்தம் செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டிப்போட்டது. அதற்கு முன் பேச்சுவார்த்தை மேசையில் மாநிலத்துக்கு இடம் கொடுக்க வேண்டிய தேவையே பூர்வகுடிகளுக்கு இல்லை. மாநிலம் நேர்மையாகப் பேச மறுத்தால் வழக்குப் போடலாம் என்று ஒரு வழி வைத்திருந்தார்கள், அதையும் 1996-ல் செமினோல் என்ற பூர்வகுடி நாட்டின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அடைத்தது: மாநிலமும் இறைமை உடையது, அதன் சம்மதமில்லாமல் அதன்மேல் வழக்குப் போட முடியாதாம். வாங்கியவர்களைவிட இழந்தவர்கள் என்ற நிலையில்தான் பூர்வகுடிகள் அந்தச் சட்டத்துக்குள் நுழைந்தார்கள். இதற்குச் சலுகை என்று பெயர் வைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

1988 சட்டத்தின் ஆங்கிலப் பெயரில் பூர்வகுடிகளை ‘இந்தியன்’ என்றே குறித்திருக்கிறார்கள். அதை அப்படியே தமிழில் ‘இந்தியச் சூதாட்ட ஒழுங்குமுறைச் சட்டம்’ என்று ஒரு நண்பர் போட்டிருந்தார். தில்லியில் போட்ட சட்டம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ‘செவ்விந்தியர்’ என்று எழுதுவதையும் நாம் மொத்தமாக விட்டுவிட வேண்டும், தோல் நிறத்தை வைத்து ஒரு மக்களை அழைப்பதை எந்த அகராதியும் நியாயப்படுத்த முடியாது. ‘அமெரிக்கப் பூர்வகுடிப் பணய ஆட்ட ஒழுங்குமுறைச் சட்டம், 1988’ என்பது என் பரிந்துரை. பணய ஆட்டம் ஏன் என்றால், அந்தச் சட்டத்தின் முதல் வகையில் சடங்குகளிலும் விழாக்களிலும் அவர்கள் காலங்காலமாக ஆடும் ஆட்டங்கள் வருகின்றன. அவற்றையும் சூது என்ற சொல்லுக்குள் தள்ளக் கூடாது. காசினோவைப் பற்றி எழுதும்போது சூதாட்டம் என்று தாராளமாக எழுதலாம், சட்டச் சொல்லாக மட்டும் பணய ஆட்டம். ‘க்ளாஸ்’ என்பதற்கு வகுப்பு வேண்டாம், வகை போதும்.

சரி, இறையாண்மையா இறைமையா? தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இறையாண்மை, இலங்கைச் சட்டத் தமிழில் இறைமை. இரண்டுக்கும் ஒரே பொருள். நான் இறைமை பக்கம். கூட்டுச்சொல் ஆக்கும்போது அது கைக்கு அடக்கமாக இருக்கிறது. சாவரின் இம்யூனிட்டிக்கு, அதாவது ஓர் அரசின் சம்மதமில்லாமல் அதன்மேல் வழக்குப் போட முடியாது என்ற பாதுகாப்புக்கு, ‘இறைமைக் காப்பு’ என்று சட்டென்று வந்துவிடும். 2014-ல் பே மில்ஸ் என்ற பூர்வகுடி நாட்டின்மேல் போட்ட வழக்கில் மிச்சிகன் மாநிலம் தோற்றது இந்தக் காப்பினால்தான், அதனால் இந்தச் சொல் நமக்கு அடிக்கடி தேவைப்படும்.

> பூர்வகுடி நிலத்துக்கு மாநில வரி இல்லை என்பதால் நம் கல்வெட்டுச் சொல்லான ‘இறையிலி’யை எடுத்துக்கொள்ளலாமே?

அழகான யோசனை அம்மா, படித்ததும் எனக்கும் ஆசை வந்தது. இறை என்றால் அரசன், இறை என்றால் வரி, இரண்டும் ஒரே சொல்லில் இருப்பதால் இட்டாஸ்கா வரி வழக்குக்குச் சொல்லிவைத்தாற்போல் பொருந்துகிறது. ஆனால் இறையிலி என்பது கோயிலுக்கோ ஊருக்கோ அரசன் வரி நீக்கிக் கொடுத்தது. கொடுத்தவன் மறுபடியும் மேலே வந்து உட்கார்ந்துகொள்கிறான். தன்னாட்சியை எந்தக் காரணத்துக்காக வேண்டாம் என்கிறேனோ அதே காரணம்தான். அங்கே மாநிலம் வரியைத் தள்ளுபடி செய்யவில்லை, போடும் அதிகாரமே அதற்கு இல்லை. 2010-ல் ரின்கோன் என்ற பூர்வகுடி நாட்டின் வழக்கில், சூதாட்ட ஒப்பந்தத்தைத் திருத்த வேண்டுமென்றால் மாநிலப் பொதுக் கருவூலத்துக்குப் பங்கு கொடு என்று கலிபோர்னியா கேட்டதை, இது வரிதான், கேட்கக் கூடாது என்று ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. கனெக்டிகட்டில் ஸ்லாட் இயந்திர வருமானத்தில் நூற்றுக்கு 25 மாநிலத்துக்குப் போகிறது. அது வேறு எவரும் அங்கே ஸ்லாட் வைக்கக் கூடாது என்ற வாக்குறுதிக்கு விலை. வரிக்கும் விலைக்கும் இடையிலுள்ள இந்த எல்லைக்கோட்டை ‘இறையிலி’ அழித்துவிடும்.

அப்புறம் முன்பகுதி. ‘குடி இறைமை’ என்று சுருக்கலாம் என்று இருவர் எழுதியிருந்தீர்கள். சங்கத் தமிழில் அருமையான சொல், மறுக்கவில்லை. ஆனால் இன்றைய வாசகர் சூதாட்டம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ‘குடி’யைப் பார்த்தால் மதுதான் நினைவுக்கு வரும். பூர்வகுடிகளைக் குடிகாரர்கள் என்று காட்டி அவமதித்த வரலாறு அமெரிக்காவில் நீளமானது, நம் சொல் தெரியாமல்கூட அந்தப் பக்கம் போகக் கூடாது. பழங்குடி என்றால் நமக்கு அட்டவணைப் பழங்குடியும் சாதிச் சான்றிதழும் முன்னால் வந்து நிற்கும். அதனால் ‘பூர்வகுடி இறைமை’. ட்ரைப் என்பது ஓர் அரசாங்கத்தைக் குறிக்கும் இடங்களில் ‘பூர்வகுடி நாடு’ என்றே எழுதலாம். நாடு என்றால் ஐ.நா.வில் நாற்காலி இருக்க வேண்டும் என்ற கட்டாயம் தமிழில் என்றைக்கும் இருந்ததில்லை, நாம் இருப்பதே தமிழ்நாடு.

‘காம்பேக்ட்’டுக்கு உடன்படிக்கை கூடவே கூடாது. 1778 முதல் 1871 வரை அமெரிக்கா இந்த நாடுகளோடு செய்து, பெரும்பாலும் தானே மீறிய ஏறத்தாழ 370 ட்ரீட்டிகளுக்கு அந்தச் சொல்லை விட்டுவைக்க வேண்டும். மாநிலத்துக்கும் பூர்வகுடி நாட்டுக்கும் இடையிலானதை ‘அரசிடை ஒப்பந்தம்’ எனலாம். இரு பக்கமும் அரசு என்பது சொல்லிலேயே தெரிகிறது.

> சூதாட்டத்தை நியாயப்படுத்தத்தானே இவ்வளவும்?

இல்லை தம்பி. நம்மூரில் இணையவழிச் சூதாட்டத்தில் பணத்தையும் உயிரையும் இழந்தவர்களின் செய்திகளைப் படித்துவிட்டு எவருக்கும் சூதாட்டத்தின் மேல் மயக்கம் வராது. இறைமை என்றால் வேண்டாம் என்று சொல்லும் உரிமையும்தான். நவஹோ மக்கள் 1994-லும் 1997-லும் வாக்கெடுப்பு நடத்திக் காசினோ வேண்டாம் என்றார்கள். பிறகு மனம் மாறி 2008-ல் கேலப் அருகே முதல் காசினோவைத் திறந்தார்கள். இரண்டும் அவர்கள் முடிவு. அக்வெசாஸ்னே மொஹாக்குகளிடையே காசினோ வேண்டும் வேண்டாம் என்ற பிளவு முற்றி 1990-ல் துப்பாக்கிச் சண்டையாகி இரண்டு பேர் இறந்தார்கள். லாபப் பங்கு பெரிதானதும் சொந்த உறுப்பினர்களையே பெயர்ப்பட்டியலிலிருந்து நீக்கிய நாடுகளும் இருக்கின்றன. நீக்கப்பட்டவர்கள் வெளியே போய் முறையிட அநேகமாக இடமில்லை, யார் உறுப்பினர் என்பதும் இறைமைக்குள் அடக்கம் என்று 1978-லேயே தீர்ப்பாகிவிட்டது. எனக்கு இது கசப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த அரசும் தன் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துகிறது என்பதற்காக அதை அரசே இல்லை என்று நாம் எழுதுவதில்லையே.

இரண்டு சொற்களில் இன்னும் தெளிவு வரவில்லை. ஒன்று ‘டிரஸ்ட் லேண்ட்’. பட்டா அமெரிக்க அரசின் பெயரில், பயன் பூர்வகுடி நாட்டுக்கு. அறக்கட்டளை நிலம் என்றால் சத்திரம்போல் ஆகிவிடும். டிரஸ்டுக்கு இலங்கையில் ‘நம்பிக்கைப் பொறுப்பு’ என்கிறார்கள், அதையே எடுத்து ‘நம்பிக்கைப் பொறுப்பு நிலம்’ எனலாம் என்று நினைக்கிறேன். 2009-ல் ரோட் ஐலண்டில் நாராகன்செட் மக்களின் வெறும் 31 ஏக்கரை இப்படிப் பதிவு செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது, 1934-ல் அவர்கள் மத்திய அரசின் ஆளுகைக்குள் இல்லை என்பது காரணம். ஆக இந்தச் சொல்லும் அடிக்கடி வரும்.

இன்னொன்று ‘ரிசர்வேஷன்’. ஒதுக்கீடு என்றால் இடஒதுக்கீடு, காப்பு நிலம் என்றால் வனத்துறையின் காப்புக்காடு. 1905-ல் யாகமா மீன்பிடி உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாகச் சொன்னது: உடன்படிக்கை அவர்களுக்கு உரிமை கொடுத்த ஆவணம் அல்ல, அவர்கள் கொடுத்த ஆவணம், கொடுக்காமல் வைத்துக்கொண்டதுதான் ரிசர்வேஷன். அதன்படி பார்த்தால் ‘தக்கவைப்பு நிலம்’ சரி. ஆனால் கபசோன் நிலம் உடன்படிக்கையில் வந்தது அல்ல, 1876-ல் குடியரசுத் தலைவர் கிராண்ட் ஆணை போட்டு வரையறுத்தது. அங்கே இந்தச் சொல் பொருந்துமா என்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. நில ஆவணங்களில் வேலை பார்த்தவர்கள் குழுவில் இருக்கிறீர்கள், எழுதுங்கள். பூர்வகுடி இறைமை, பூர்வகுடி நாடு, இறைமைக் காப்பு, அரசிடை ஒப்பந்தம் நான்கையும் மறுப்பு வராவிட்டால் விக்சனரியில் ஏற்றிவிடலாம்.