எமர்ஜென்சி டேட்டாவ வெச்சு பிள்ளைகளுக்கு மருத்துவத்துறை வேலைகள காட்டலாமா?

காரைக்குடி டீச்சர்:
வணக்கம். காரைக்குடி பக்கத்துல ஒரு ஸ்கூல்ல ப்ளஸ் ஒன்னுக்கு பயாலஜி எடுக்குறேன். மருத்துவத்துறைன்னா என்னன்னு கேட்டா டாக்டர், விட்டா நர்ஸ், அதுக்கு மேல ஒரு வேலையும் பிள்ளைகளுக்கு தெரியல, நீட்ல மார்க் வரலேன்னா அவ்வளவுதான்னு ஒரு பிள்ளை இப்பவே அழுகுது, எனக்கு மனசே கேக்கல. ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு யார் எப்ப வந்தாங்க, எவ்ளோ நேரம் காத்திருந்தாங்கன்னு டேட்டாவ கையில குடுத்தா அங்க எத்தன பேரு வேலை பாக்குறாங்கன்னு அதுகளுக்கே புரியும்னு தோணுது. ஜிஹெச்ல போயி கேக்கலாமா?

நைட் டியூட்டி:
டீச்சர், நான் கேசுவாலிட்டில, அதான் எமர்ஜென்சி வார்டுல, ஸ்டாஃப் நர்ஸ். ரிஜிஸ்டர கேக்காதீங்க, குடுக்க மாட்டாங்க, குடுக்கவும் கூடாது. விபத்து, அடிதடி கேச எழுதுற ஏஆர் புக் (ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்) போலீஸ் கேசுக்கு போறது, பேர அடிச்சிட்டு குடுத்தாலும் "பள்ளத்தூர், 62 வயசு, பைக்"னு ஒரு வரி இருந்தா போதும், யாருன்னு தெருவே சொல்லிரும்.

அதுக்கு பதிலா ஒரு பாம்புக்கடி கேச கற்பனையா எழுதி, அந்த ஒரே வரில எத யாரு குறிக்கிறாங்கன்னு பிள்ளைகள்ட்ட பிரிக்க சொல்லுங்க. கடிச்ச நேரம், 108 கிளம்புன நேரம், இதெல்லாம் வண்டில வர்ற இஎம்டி, அதான் அவசர சிகிச்சை டெக்னீஷியன், குறிக்கிறது. உள்ள வந்ததும் ட்ரையாஜ்ல, அதான் யாருக்கு அவசரம் அதிகம்னு பிரிக்கிற எடத்துல, சிவப்பா மஞ்சளா பச்சையான்னு பாப்போம், முன்னாடி வந்தவங்களுக்கு முன்னாடிங்கிறது இங்க கிடையாது. அப்புறம் கொஞ்சம் ரத்தத்த சுத்தமான கண்ணாடி டியூப்ல எடுத்து 20 நிமிஷம் ஆடாம வெச்சு சாய்ச்சு பாக்கணும், உறையாம ஓடுச்சுன்னா விஷம் ரத்தத்துல வேலைய காட்டிருச்சுன்னு அர்த்தம், அந்த 20 நிமிஷமும் எனக்கு டியூப்ப விட்டு கண்ணு நகராது. விஷமுறிவு மருந்து ஸ்டாக் இருக்குறது ஃபார்மசிஸ்ட் கையில, கடைசில கேஸ் ஷீட்டுக்கு நோய்க்கான குறியீட்டு நம்பர் போட்டு வைக்கிறது மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் ஆளு. பாம்புக்கடிய கட்டாயம் ரிப்போர்ட் பண்ணணும்னு 2024ல தமிழ்நாடு அரசு அறிவிச்சுச்சு, அந்த ரிப்போர்ட்ட வாங்கி பாக்கவும் ஆள் வேணும்ல.

கணக்குப்புள்ள பேரன்:
நெஜ டேட்டா வேணும்னா அமெரிக்காவோட நோய்த்தடுப்பு நிறுவனமான சிடிசி 1992லேருந்து நடத்துன என்எச்ஏஎம்சிஎஸ் (NHAMCS) ஆஸ்பத்திரி சர்வே ஃபைல் ஃப்ரீயா கிடைக்கும். ஒரு விசிட்டுக்கு ஒரு வரி, பேரு கிடையாது, காத்திருந்த நிமிஷம், ட்ரையாஜ் லெவல் எல்லாம் இருக்கும். மொதல்ல எதுவும் சொல்லாம சராசரி போட விடுங்க. நடுநடுவுல மைனஸ் 9, மைனஸ் 7ன்னு கிடக்கும், மைனஸ் 9 நிமிஷம் எவனாவது காத்திருப்பானா, அது "எழுதல", "பொருந்தாது"ங்கிறதுக்கு போட்ட குறியீடு. அத பிள்ளைகளே கண்டுபிடிக்கணும். எங்க ஐயா பேரேட்ல ஒரு பைசா இடிச்சாலும் ஐந்தொகைய மூட மாட்டாக, அதே கண்ணுதான் இதுக்கும் வேணும். சராசரியோட மீடியனையும் (வரிசையா அடுக்குனா நடுவுல வர்ற நம்பர்) பாக்க சொல்லுங்க, பத்து மணி நேரம் கிடந்த ரெண்டு பேரு சராசரிய எங்கயோ கொண்டு போயிருவாங்க. ஆனா அது அவங்க ஊரு கத, அந்த நம்பர வெச்சு நம்ம ஜிஹெச்ச எட போட வேணாம்.

அழுத பிள்ளைட்ட பிஎஸ்சி ஆக்சிடென்ட் அண்ட் எமர்ஜென்சி கேர் டெக்னாலஜி பத்தி சொல்லுங்க, அட்மிஷன் விதிய அந்தந்த வருஷ ப்ராஸ்பெக்டஸ்ல பாத்துக்கங்க. கணக்கு புடிச்ச பிள்ளையா இருந்தா டிகிரி முடிச்சிட்டு பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் (மருத்துவ புள்ளியியல்), எபிடெமியாலஜி (நோய் எப்படி பரவுதுன்னு படிக்கிறது) பக்கம் போலாம், சென்னைலயே ஐசிஎம்ஆரோட (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இருக்கு.

காரைக்குடி டீச்சர்:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. பாம்புக்கடி வரிய இன்னிக்கே எழுதுறேன், அந்த பிள்ளைக்கு டியூப் பாக்குற வேலையதான் குடுக்கப்போறேன். எங்க கம்ப்யூட்டர்ல எக்செல் மட்டும்தான் இருக்கு, அந்த ஃபைல் தொறக்குமா?

கணக்குப்புள்ள பேரன்:
நேரா தொறக்காது டீச்சர். நான் ஆர் (R)ங்கிற புள்ளியியல் சாஃப்ட்வேர்ல தொறந்து 500 வரி மட்டும் எடுத்து, எக்செல்ல தொறக்குற சிஎஸ்வி ஃபைலா அனுப்புறேன், மைனஸ் 9 எல்லாம் அப்படியே இருக்கும்.