குழந்தைக்கு முன்பே மார்பகத்தைச் சிறிதாக்கும் ஆபரேஷன் செய்துகொள்ளலாமா?

அக்காமார்களே, கோத்தகிரியில் இருந்து எழுதுகிறேன். வயது 27, கல்யாணமாகி ஒரு வருடம். மார்பின் கனத்தால் கழுத்தும் தோளும் ஓயாத வலி. பிரா பட்டை அழுத்தி இரண்டு தோளிலும் விரல் பதியும் அளவுக்குப் பள்ளம். மேட்டு வீட்டுக்கு ஏறி வருவதற்குள், இந்தக் குளிரிலும் மார்புக்கு அடியில் வியர்த்துப் புண்ணாகிவிடுகிறது.

சிறிதாக்கலாம் என்கிறார் கோவை டாக்டர். ஆனால் பால் குழாயும் நரம்பும் வெட்டுப்பட்டால் தாய்ப்பால் குறையலாமாம். காம்பைத் தனியே எடுத்து ஒட்டாமல், அடித்திசுவோடு சேர்த்தே நகர்த்தினால் பால் கொடுக்க வாய்ப்பு அதிகமாம். கர்ப்பத்தில் மார்பு மறுபடி பெருக்கவும் கூடும். அத்தை, பிள்ளை பெற்றபின் பார்க்கலாம் என்கிறார். வலியும் தாங்கவில்லை, பால் கொடுக்கும் ஆசையும் விடவில்லை.

இதைச் செய்துகொண்டு அப்புறம் பிள்ளை பெற்றவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பால் போதுமான அளவு வந்ததா? தயவுசெய்து சொல்லுங்கள்.